விடுதலைப் பத்திரமும் ஒரு பியானோவும்

குமுளிக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டங்களுக்கு என் அத்தா அரிசியும் பலசரக்கும் அனுப்பி வந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தன் பாட்டனார் காலத்துப் பியானோவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் அதைத் தொட்டவர் அக்கா ஒருவர்தான். யாரும் கற்றுத் தராமலே ஒற்றை விரலில் தொடங்கி இரு கைகளுக்கும் வந்திருந்தார். கம்பத்துக்கு மணமாகிப் போன பிறகும், வீட்டுக்கு வந்தால் முதலில் அதன் மூடியைத்தான் திறப்பார்.

அத்தா காலமானபோது நான் மதுரையில் பி.ஏ. முடித்திருந்தேன். அம்மா முன்பே இறந்துவிட்டதால் வாரிசுகள் அக்காவும் நானும் மட்டுமே. ஊரில் தொடங்கவிருந்த பெண்கள் பள்ளிக்குப் பியானோவைத் தருவதாக நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெண் கல்வியைப் பற்றிக் கூட்டங்களில் பேசியவன். நல்ல செயல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் தாய்மாமா விடுதலைப் பத்திரத்தோடு வந்தார். இஸ்லாமிய மார்க்கப்படி மகளுக்கும் பங்கு உண்டு. ஆயினும் வீட்டிலும் வயலிலும் தம் பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துப் பெண்கள் கையெழுத்திடுவதே எங்கள் குடும்ப வழக்கம். பேனாவை வாங்கிய அக்கா நிமிர்ந்தார்.

“பியானோவும் இதுல சேத்தியா மாமா?”

“அதுல என்னத்தா, நெல்லா வெளையுது?” என்று மாமா சிரித்தார்.

“அதப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிட்டேன்க்கா,” என்றேன். “பொம்பளப் பிள்ளைக படிக்கிற எடம்.”

“நல்லதுதான் தம்பி. நானும் பொம்பளப் பிள்ளதான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

மாமா இடையில் புகுந்து வழி சொன்னார். “அந்தப் பொட்டிய அவளுக்கே குடுத்துரு மாப்ள. கையெழுத்தப் போடட்டும்.”

அந்த எளிய வழிதான் என்னை விழிக்கச் செய்தது. அப்படிச் செய்தால், அக்காவுடைய வயலை ஒரு பியானோவைக் காட்டி நான் எடுத்துக்கொண்டதாகும். வாக்கை மீறினால் பள்ளியில் என் பெயர் கெடும். பத்திரத்தை மறுத்தால் எனக்கு நிலம் குறையும், உறவில் பகை வரும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். அவர் பங்கை நான் வைத்துக்கொள்வதற்கு இவற்றில் எதுவும் நியாயமாகவில்லை.

“பத்திரம் வேணாம் மாமா. அளந்து பிரிச்சிருவோம்.”

“பங்க வாங்கிட்டுப் போனவ பெறந்த வீட்டுப் படிய எப்பிடி மிதிப்பா? நாளைக்கு ஊர்ல எல்லாவளும் கேப்பாளுக!”

“கேக்கட்டும் மாமா.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா என்னையே பார்த்தார்.

“நெசமாத்தான் சொல்றியா? நாளைக்கு ஒம்பொண்டாட்டி வந்து, என்னப் பாத்து மொகத்தத் திருப்புனா?”

“கூப்புடுறது நான். நீ வாக்கா.”

எனக்கு முழு உரிமை இல்லாத பொருளைத் தருவதாக வாக்களித்துவிட்டேன் என்று மறுநாளே பள்ளிக்கு எழுதினேன். அவர்கள் பதில் எழுதவில்லை. நிலத்தை அளந்தபோது வாய்க்காலோரத்து வயல் அக்காவுக்கு ஆயிற்று. அவர் விருப்பப்படியே பியானோவும் வைக்கோல் பரப்பிய வண்டியில் கம்பம் போனது.

பெருநாளுக்கு அக்காவை அழைக்க வண்டி கட்டிக்கொண்டு நானே போனேன். அக்காவோடு திரும்பும்போது மாமா வீட்டுத் தெரு வழியாக ஓட்டும்படி வண்டிக்காரரிடம் சொன்னேன்.