ட்ரெய்லருக்கு நெற்றி எது?

இன்று காலை ஈப்போ வாகனப் பரிசோதனை நிலையத்தில், வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, நான் ஒரு ட்ரெய்லருக்கு முகம் கழுவிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை பத்து காஜா ஊரின் இரவுச் சந்தையில், அதுதான் பசார் மாலாமில், மகள் அப்பக்கடை போடுகிறாள். அடுப்பு, மேசையெல்லாம் காருக்குப் பின்னால் இழுத்துப்போகத்தான் இந்தச் சின்ன ட்ரெய்லர். பரிசோதனையில் பாஸானால்தான் பதிவு. பதிவானால்தான் கடை.

விளக்கு எரிந்தது. கொக்கியும் டயரும் சரி. ஆபிசர் குனிந்து, இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரைத் தேடினார்.

"அபாங், நம்பர் மானா?" அண்ணே, நம்பர் எங்கே என்று மலாயில் கேட்டார்.

நம்பர் இருந்தது. நேற்று பூசை போட்ட என் மனைவி, ட்ரெய்லருக்கு நெற்றி எது என்று தேடி, சரியாக அதன்மேலேயே விபூதிப் பட்டை இழுத்து, சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்திருந்தாள். எல்லாம் காய்ந்து கெட்டியாகிவிட்டது.

தண்ணீர் ஊற்றிக் கைக்குட்டையால் தேய்த்தேன்.

"அண்ணே, காதுக்குப் பின்னாலயும் தேய்ங்கலா!" என்றார் பின்னால் நின்ற லாரிக்காரர்.

ஒருவழியாக பாஸ். மனைவிக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களா? நான் பூசை போட்டதாலதான் பாஸாச்சு!"

"ஆமாம்லா," என்றேன்.

அதைக் கழுவினதாலதான் பாஸாச்சு என்று சொல்லவில்லை. நீங்களும் சொல்லிடாதீங்க.