கொம்பு ஊதிய சோப்னு

சோப்னு அன்றைக்குக் கொம்பு ஊதாமல் இருந்திருந்தால் தனக்குத் தலை இருந்திருக்கும் என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் கிர்ப்பு.

படம் பிடிக்கிற துரை சட்லெஜ் பள்ளத்தாக்குக்கு வந்த வருஷம் அது. படம் பதியும் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியை மூன்று நாள் முதுகில் சுமந்து, ஒரு கீறல் விழாமல் கணவாயைக் கடத்தியவன் கிர்ப்பு. அவனைத் தேவதாருக் கோயில் வாசலில் நிறுத்தினார் துரை. ஆள் நின்றால்தான் கோயிலின் உயரம் தெரியுமாம். இருபது எண்ணும் வரை அசையக் கூடாது. கிர்ப்புவின் அப்பன் பாறைச் சரிவில் போனவர். அவர் முகம் அவனுக்கு நினைவில்லை. தன் முகமாவது பிள்ளைக்கு மிஞ்சட்டும் என்று கல்லாய் நின்றான்.

துரை பன்னிரண்டு எண்ணியபோது உள்ளே கோயில் கொம்புக்காரன் சோப்னு கொம்பை ஊதினான். உச்சி நைவேத்தியம். சாமி கொம்பு கேட்டால் அந்த ஊரில் குனியாத தலை கிடையாது. கிர்ப்புவும் குனிந்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் படம் வந்து கோயில் களஞ்சியத்தில் தொங்கியது. கோயில் இருந்தது, ஓடுகூட எண்ணலாம். கிர்ப்புவுக்குக் கழுத்துக்கு மேலே வெறும் புகை.

"கொஞ்சம் பொறுத்து ஊதினா உன் வாயா கோணிப்போயிடும்?"

"துரை எண்ணி முடிக்கிற வரைக்கும் சாமி பசியோட உக்காந்திருக்குமாடா?"

இப்படி ஆரம்பித்துச் சண்டையில் முடியும். ஆனாலும் பனிக்கு முன்னால் வருஷம் தவறாமல் உலர்ந்த சர்க்கரை பாதாமிப் பழத்தோடு வந்துவிடுவான் சோப்னு. கிர்ப்பு திட்டிக்கொண்டே தின்பான். பனி வெளிச்சத்தில் கண் எரிந்து கிர்ப்பு குருடனாய்க் கிடந்த ஒரு வாரம் அவன் ஆடுகளை மேய்த்ததும் சோப்னுதான். "தலையில்லாதவனுக்குக் கண்ணு எதுக்கு?" என்று சிரித்தபடியே சோறு ஊட்டினான்.

போன இலையுதிர்காலத்தில் வேறொரு துரை வந்தார், அதே கோயிலைப் படம் எடுக்க. இவரும் இருபதுதான் எண்ணுவாராம். சோப்னு அதற்குள் நெஞ்சுச் சளியில் எலும்பாகியிருந்தான், ஊத மூச்சில்லை. வாசலில் தானே நிற்பதாகச் சொன்னான்.

"நில்லு, நல்லா நில்லு. உனக்காவது முகம் இருக்கட்டும்" என்றான் கிர்ப்பு.

சோப்னு கொம்பை எடுத்து அவன் கையில் வைத்தான். "பூசாரிகிட்ட கேட்டுட்டேன். இன்னிக்கு நீ ஊதற."

"எனக்கு ஊதத் தெரியாதுடா."

"மாடு கத்தற மாதிரி வந்தாலும் சாமி கோவிச்சுக்காது. நேரம் உச்சிதான், ஒரு குறையும் இல்ல." இருமி முடித்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பனி இறங்குவதற்குள் சோப்னு போய்விட்டான். கிர்ப்புவிடம் அவன் கடைசியாகக் கேட்டது அன்றைக்கு வாசலில் கேட்டதுதான்:

"ஊர்ல தலையில்லாதவன் நீ ஒருத்தனே இருக்க வேணாம். துரை பன்னெண்டு எண்ணறப்ப ஊதுடா."