கொலுவுல குளியல் தொட்டி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்றேன், என் பொண்ணு எழுதுறா. இந்தக் கதைன்னா அவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும், அதுக்காகவே சொல்றேன்.

எண்பதுகள்ல இவளும் மாப்பிள்ளையும் இருந்த வீடு நியூ ஜெர்சியில, ஐசலின் பக்கம். முதல் தடவை உள்ள நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டேன். சுவர் பூரா குளியல் தொட்டிப் படம். நாலு கால் வெச்ச தொட்டி. ஹால்ல மஞ்சத் தொட்டி, மாடிப்படியில ஊதாத் தொட்டி, கிச்சன்ல பச்சைத் தொட்டி. குளிக்கிற ரூம்ல மட்டும் ஒண்ணும் இல்ல. படத்துக்கு ஈரம் ஆகாதாம்!

"என்ன மாப்பிள்ளை, தொட்டிக் கடை வெக்கப் போறீங்களா?"ன்னு கேட்டேன்.

"இது ஸ்கிரீன் பிரின்ட், அத்தை. ஒரு ஆர்ட்டிஸ்ட் அம்மா போடுறாங்க. ஒவ்வொரு கலர்லயும் அம்பதுதான். அப்புறம் ஸ்கிரீனையே அழிச்சிடுவாங்க"ன்னார். கீழ பென்சில்ல என்னமோ கிறுக்கியிருந்தது. அந்த ஊதா, அம்பதுல ஏழாவதாம்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம கோல அச்சுதான். ஓட்டை போட்ட தகரத்துல மாவைப் போட்டா கீழ கோலம் விழும் பாருங்க, அந்த மாதிரி. இங்க தகரத்துக்குத் துணி, மாவுக்கு மை. ஆனா நல்லா இருக்கிற அச்சை யாராவது அழிப்பாங்களா? என் அச்சுல ஒரு தாமரை இதழ் அடைச்சுக்கிட்டு வருஷக்கணக்கா மொட்டையா விழுது, அதையே நான் தூக்கிப் போடல.

அந்தப் படங்களை எடுக்கணும்னா மாப்பிள்ளை வெள்ளை கிளவுஸ் மாட்டிப்பார். பெத்த புள்ளைக்கு டயப்பர் மாத்துறப்ப அதெல்லாம் கிடையாது.

என் பொண்ணுக்கு எரிச்சல். "வீட்டுல எனக்குன்னு ஒரு சுவர் இல்லம்மா. எங்க கல்யாண போட்டோ அலமாரிக்குள்ள கிடக்கு"ன்னா. சும்மா சொல்லல, படங்களை வாங்க ஆளையே பேசி முடிச்சுட்டா. நவராத்திரி முடிஞ்ச சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரர் வேன்ல வந்து அத்தனையும் வாங்கிட்டுப் போறதா ஏற்பாடு. மாப்பிள்ளையும் சரின்னுட்டார். வாய்தான் சரின்னுச்சு. ரசத்துல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே பச்சைத் தொட்டியைப் பாத்துப் பாத்துக் கண்ணு கலங்குறார்.

இதுக்கு நடுவுல கொலு. ஊர்லேருந்து பொம்மைங்களைச் சேலையில சுத்தி எடுத்துட்டு வந்தேன். பெட்டியைத் திறந்தா தசாவதாரம் பொடிப்பொடி. மரப்பாச்சி ஜோடி மட்டும் முழுசா சிரிச்சுக்கிட்டு கிடக்கு. என் பொண்ணு ஊரையே கூப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு டூட்டி போயிட்டா. அட்டைப் பெட்டி அடுக்கி, வேட்டி விரிச்சு, படி தயாரா இருக்கு. வெக்க ஒண்ணும் இல்ல.

"மாப்பிள்ளை, படி வெறுமனே இருக்கக் கூடாது. அந்தத் தொட்டிங்களை எடுங்க."

"கொலுவுலயா, அத்தை?"

"ஏன், கொலுவுல குளம் வெக்கிறதில்லையா? இது கால் வெச்ச குளம்."

கிளவுஸைத் தேடி ஓடினார் பாருங்க ஓட்டம்! சுவர்ல இருந்த அத்தனையும் படி ஏறிடுச்சு. மேல் படியில ஊதாத் தொட்டி, அதுக்கு முன்னாடி மரப்பாச்சி ஜோடி. இப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி அம்சமா இருந்தாங்க.

சாயங்காலம் அவ கூப்பிட்ட பொம்பளைங்க எல்லாம் வந்தாச்சு. என் பொண்ணு டூட்டி முடிச்சு வந்தவ, ஷூவைக்கூடக் கழட்டாம வாசல்லயே நிக்கிறா. ஆளுங்க முன்னாடி கத்த முடியாதே.

"இது எந்த ஊர் வழக்கம், ஆன்ட்டி?"ன்னா ஒருத்தி.

"எங்க மாப்பிள்ளை வீட்டு வழக்கம்"னுட்டேன்.

அவ ஊதாத் தொட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "அழகா இருக்கே! எங்களுக்கும் ஒண்ணு வேணும். எந்தக் கடை?"

அப்ப என் பொண்ணு கழுத்தை நிமித்திக்கிட்டு, "கடையில எல்லாம் கிடைக்காது. அம்பதுதான் போட்டாங்க. இது ஏழாவது"ங்கிறா! மாப்பிள்ளைக்குச் சுண்டல் புரையேறிடுச்சு.

சனிக்கிழமை வேன் வந்துடுச்சு. என் பொண்ணு என்னை ஓரமா இழுத்து, "கொலுவுல வெச்சதை விக்கலாமாம்மா?"ன்னு காதுல கேக்குறா.

"ஆரத்தி காட்டியாச்சுடீ. இனி வருஷா வருஷம் வெக்கணும்."

அந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. தேங்காயும் ரோஸ் கலர் ரவிக்கைத் துணியும் வெச்சுக் குடுத்தேன். துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "இது மொத்தம் எத்தனை போட்டாங்க?"ன்னு கேட்டாராம்.

கொலு முடிஞ்சா பொம்மையைக் கட்டி மேல வெக்கணும் இல்லியா? தொட்டிங்களும் பொம்மை ஆயிடுச்சே. மாப்பிள்ளை கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணையா வேட்டியில சுத்தி மேல ஏத்தினார். அடுத்த நவராத்திரிக்குத்தான் இறக்கணும். சுவர் காலியாச்சு, ஹால் நடுவுல கல்யாண போட்டோ ஏறிடுச்சு. என் பொண்ணு முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

அவர் ஏணியிலேருந்து இறங்கி வந்து மெதுவா கேட்டார்: "அத்தை, கொலுவுக்கு வருஷத்துக்கு ஒண்ணு புதுசா வெக்கணும்னு சொல்வாங்களே?"

"கண்டிப்பா, மாப்பிள்ளை!"

இதை மட்டும் எழுத மாட்டேங்கிறா. எழுதுடீ.