தாத்தாவின் மாலையும் ஒரு கடல் காக்காவும்

எங்கள் தெருவில் சாமி படத்தின் கண்ணாடி உடைந்தால் முதலில் சித்தப்பாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் கண்ணாடிக் கடைக்காரர் இல்லை. லோடு வண்டி ஓட்டுபவர். குட்டி யானை என்று எல்லோரும் கூப்பிடுகிற சின்ன வண்டி. வருஷத்துக்கு ஒருமுறை, தை அமாவாசையன்று, அந்த வண்டி எங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும். ஆறு கடலோடு சேரும் அந்த இடத்தில்தான் அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவுக்குத் திதி கொடுப்பார்கள். கடலுக்குப் போகிற வண்டியைச் சும்மா விடுவார்களா? அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சேர்த்துவைத்த பைகளும் அதில் ஏறிக்கொள்ளும்.

பைகளில் காய்ந்த மாலைகள் இருக்கும். கண்ணாடி போன முருகர், போன வருஷத்துக் காலண்டர் லட்சுமி, கையிலிருந்து அவிழ்த்த கோயில் கயிறு, விபூதி வந்த டப்பா எல்லாம் இருக்கும். சாமிக்குச் சாத்தியதைக் குப்பையில் போட்டால் பாவம். பக்கத்திலேயே ஏரி இருந்தாலும் பாதித் தெரு அதில்தான் கால் கழுவியது. ஆகவே கடல். பாலித்தீன் பையில் திணித்து, இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, "கால் படாத எடமா பாத்து போட்டுட்டு வாப்பா" என்று கொடுப்பார்கள். தெருவின் பாவ புண்ணியமெல்லாம் தன் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது என்கிற முகத்தோடு சித்தப்பா வாங்கி அடுக்குவார். அந்த ஒரு நாள் அவருக்கு இருந்த மரியாதை கவுன்சிலருக்குக்கூடக் கிடையாது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது இது. புறப்படுவதற்கு முன்னால் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தாத்தா படத்திலிருந்த பழைய மாலையைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார். பழையது சந்தனச் சீவல் மாதிரி வேஷம் போட்ட பிளாஸ்டிக் மாலை. நைலான் நூலில் கோத்திருந்தது. அதையும் கடலில் போடத்தான் எடுத்துவந்தோம். நான் முன்சீட்டில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டேன். அப்பாவும் அம்மாவும் பின்னால் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள்.

முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. சேற்றுத் திட்டெல்லாம் வெளியே தெரிந்தது. எங்களைப்போலவே பல ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கொண்டுவந்து போட்ட பைகள் அதில் பாதி புதைந்து கிடந்தன. கடல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் திட்டிலேயே திருப்பிப் போட்டிருந்தது. அவற்றுக்கு நடுவே பறவைகள் மேய்ந்தன. சில ஒற்றைக் காலில் நின்றன. பறவை தூங்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அதைப் பக்கத்தில் சேற்றுத் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தூங்கறதும் கீது," என்றார் அவர். "அந்தா, அந்த ரெண்டுக்கும் நெசமாவே ஒரு காலுதான். நூலு சுத்திகினா கால் அறுந்துடும். இன்னா பண்றது, அதுங்களும் எங்கள மாதிரி இங்கதானே வந்து துன்னணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. மெல்ல அம்மாவின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்பாவும் சித்தப்பாவும் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தார்கள். அத்தை வாழையிலையில் சோற்றுருண்டை வைத்து, "நைனா, வா நைனா" என்று கூப்பிட்டார். காகம் வந்து சோற்றைத் தொட்டால்தான் தாத்தா சாப்பிட்டதாகக் கணக்கு. அன்று பார்த்து ஒரு காகமும் இல்லை. அத்தையின் குரல் கம்மிக்கொண்டே போனது. போன வருஷத்து வடைக்கு உப்புப் போதவில்லை என்று தாத்தா கோபமாக இருக்கிறாரோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் சாம்பல் சிறகும் சிவந்த காலுமாக ஒரு வெள்ளைப் பறவை இறங்கி, ஒரே கொத்தில் பாதி உருண்டையை விழுங்கியது.

இதைத் தாத்தா கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு சின்ன வழக்கே நடந்தது. சேர்க்க முடியாது என்றார் அப்பா. இறால் அம்மா தலையைத் தூக்காமலே, "அது கடல் காக்காதாம்மா" என்றார். அத்தைக்கு அது போதும். "பாத்தியா, நைனாதான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாத்தா இவ்வளவு வெள்ளையாக எப்படி ஆனார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அந்தச் சந்தோஷத்தில் சித்தப்பா பைகளை இறக்கினார். நம் வீட்டுப் பொருள்தான் முதலில் என்று தாத்தாவின் மாலையை எடுத்துச் சுழற்றித் தண்ணீரில் வீசினார். மாலை மிதந்தது. அத்தை கையோடு மிச்சச் சோற்றையும் தண்ணீரில் இறைத்தார். சோற்றைப் பார்த்து அந்தப் பறவை மறுபடி இறங்கியது. இறங்கிய வேகத்தில் கால் மாலைக்குள் போய்விட்டது. எழும்பப் பார்த்தது, மாலையும் கூடவே எழும்பியது. நூல் இன்னொரு காலிலும் சிறகிலும் சுற்றிக்கொண்டது. பறவை சிறகடித்துக்கொண்டே போய்ச் சேற்றுத் திட்டில் விழுந்தது.

"ஐயோ நைனா!" என்று அத்தை போட்ட சத்தத்தில் மற்ற பறவைகளெல்லாம் கிளம்பிவிட்டன. "இன்னாடா பாத்துகினு கீறீங்க? போயி அவுத்து உடுங்கடா!"

அப்பா யோசித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா யோசிக்கவில்லை. அமாவாசைக்கென்று வாங்கிய புது வேட்டியோடு சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை உள்ளே போனது. இறால் அம்மா பின்னாலிருந்து, "துண்ட போட்டு மூடுப்பா, கொத்தும்!" என்று கத்தினார். சித்தப்பா துண்டைப் போட்டு அமுக்குவதற்குள் அது அவர் விரலைப் பதம் பார்த்துவிட்டது. நூலை அறுக்கக் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கறுப்புச் சேற்றோடு நைலானைப் பல்லால் கடித்தார். ஒரு சுற்று அறுந்ததும் துப்பினார், மறுபடி கடித்தார். காலும் சேர்ந்து அறுந்துவிடப்போகிறது என்று நான் அழ ஆரம்பித்தேன். அந்த ஒற்றைக்கால் பறவைகள்தான் கண்முன் நின்றன.

கடைசியில் சித்தப்பா துண்டை விலக்கினார். பறவை கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. "அவுத்து உட்டுட்டேன் நைனா," என்று அவர் சொன்னது கரைவரை கேட்டது. "போ நைனா. போ."

அது எழுந்தது. இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு கடல் பக்கமாகப் பறந்து போனது. நான் நன்றாகப் பார்த்தேன், இரண்டு கால்.

சித்தப்பா மட்டும் சேற்றைவிட்டு ஏறாமல் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏறி வந்தபோது அறுந்த மாலை அவர் கையில் இருந்தது. இறக்கிவைத்த பைகளை எடுத்து மறுபடி வண்டியில் ஏற்றினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு பையைத் தூக்கினார்.

தெருவில் பூகம்பம்தான். போன பாவம் முடிச்சு அவிழாமல் வாசலுக்கே திரும்பி வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "தொலைக்க சொன்னத தூக்கிகினு வந்துகீறியே, ஊடு உருப்படுமா?" என்று கேட்டார்.

"நீங்க போடறது எங்க நைனா கால்ல மாட்டிக்குதுக்கா," என்றார் சித்தப்பா. "நாளைக்கு உங்க நைனா காலும் மாட்டும். இனிமே நான் எடுத்துகினு போ மாட்டேன்."

சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தன் அப்பா காலை யாராவது பணயம் வைப்பார்களா? எதிர்வீட்டு அக்கா முதல் ஆளாகத் தன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் வீட்டுப் பின்னால் சித்தப்பா ஒரு குழி வெட்டினார். பூவும் நாரும் அதில் போகலாம், மேலே செம்பருத்தி வைத்தால் யார் காலும் படாது என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். நைலான் நூலைப் பூவிலிருந்து உருவி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விரலெல்லாம் அழுகின நாற்றம். தாத்தாமேல் எனக்கு வந்த ஒரே கோபம் அதுதான். இந்தத் தொல்லையைப் பார்த்தே பலபேர் வாழைநாரில் கட்டின மாலையாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

உலகம் ஒரு தெருவால் மாறிவிடாது என்று தெரியும். முகத்துவாரத்துக்கு இன்னும் பைகள் வருகின்றன. ஆனால் இப்போது அமாவாசையன்று அந்த ஊர்ப் பிள்ளைகளே கரையில் நின்று, பையைப் பிரித்துப் பூவை மட்டும் போடச் சொல்கிறார்கள். போன தை மாதம் திட்டு முழுக்கக் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒற்றைக் காலில் நின்றவற்றைக் கைதட்டி எழுப்பினேன். கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாம் இன்னொரு காலை இறக்கி வைத்துவிட்டுத்தான் பறந்தன. அந்தக் கரையிலேயே குதிக்கவேண்டும்போல இருந்தது எனக்கு.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அப்பா ஒருநாள் சொன்னார். கடைசி நாட்களில் தாத்தா மூக்கில் வைத்த குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் அவர் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்களாம். கூட இருந்தது சித்தப்பா. "அவுத்து உடுடா" என்று தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தாராம். டாக்டர் வரட்டும் நைனா, வரட்டும் நைனா என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கும்போது கட்டினபடியே தாத்தா போய்விட்டாராம்.

அந்த அமாவாசையன்று வண்டியில் திரும்பும்போது சித்தப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பறவை கொத்தின விரல்தான் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு சிக்னலிலும் அந்தக் கையை மடியில் இழுத்துவைத்து, வீடு வரும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.