நுனி மடங்காத இறக்கையும் நடேசன் அங்கிளும்

போன சனிக்கிழமை சிட்னி ஏர்போர்ட்டில், அத்தனை பேர் பார்க்க, ஒரு மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்தியில் அல்ல. ஆத்திரத்தில்!

நடேசன் அங்கிள் மிருதங்க வித்வான். மெல்பர்னில், மல்கிரேவில் இருக்கும் என் நண்பர் குகனின் மகள் ஆரணிக்கு அன்று மாலை நாலு மணிக்கு நடன அரங்கேற்றம். எட்டு வருடம் பயின்ற பெண். அங்கிள் வாசிக்காவிட்டால் மேடையே ஏற முடியாது. "பத்திரமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று குகன் அவரை என் தலையில் கட்டியிருந்தார்.

போர்டிங் ஆரம்பித்தது. அங்கிள் எழுந்தார். கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"நான் உதில ஏறமாட்டன், தம்பி."

"ஏன் அங்கிள்?"

"செட்டையின்ர நுனி மேல மடங்கேல்லை. உது பழைய பிளேன்."

பக்கத்து கேட்டில் நின்ற விமானத்தைக் காட்டினார். அதன் இறக்கை நுனி கெத்தாக நிமிர்ந்து நின்றது. விங்லெட்! எங்கள் விமானத்தில் அது இல்லை.

வாட்ஸப்தான், வேறென்ன? எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஃபார்வர்ட் மன்னர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து...

"எந்த முட்டாள் சொன்னான் அங்கிள் உங்களுக்கு?"

அவர் நிதானமாக போனை நீட்டினார். ஒரு பத்திரிகைப் பக்கத்தின் போட்டோ. மேலே அசட்டுச் சிரிப்போடு ஒரு முகம். என் முகம்!

போன வருடம் இதே பத்தியில் எழுதியிருக்கிறேன் — 'நுனி மடங்கியிருந்தால் புது விமானம். இல்லையென்றால் கிழம். பார்த்து ஏறுங்கள்!' அரைகுறையாகக் கேட்டதை டெட்லைன் அவசரத்தில் தட்டிவிட்டது. அப்போதே விமானப் பொறியாளரான ஒரு வாசகர் பக்கம் பக்கமாகத் திட்டி மெயில் போட்டார். திருத்தம் போட்டேனா? சோம்பேறித்தனம்!

அந்த மெயிலை இப்போது மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "பறக்கும்போது இறக்கைக்குக் கீழ இருக்கிற காத்து நுனி வழியா மேல சுருண்டு ஏறும், அங்கிள். அந்தச் சுழல் பிளேனைப் பின்னால இழுக்கும், எரிபொருள் வீணாகும். நுனியை நிமிர்த்தி வச்சா சுழல் குறையும். இறக்கையை நீளமாக்கி, நுனியைப் பின்பக்கம் சாய்ச்சாலும் அதே பலன்தான். நம்ம பிளேன் அந்த ரகம். புதுசு! பாதுகாப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பக்கத்துப் பிளேனுக்கு ஏன் நீளமாக்கேல்லை?"

"நீள இறக்கைக்கு ஏர்போர்ட்ல நிறுத்த இடம் வேணுமே! குட்டி பிளேன் சிலதுல ரெண்டுமே இருக்காது. கிட்டத்துலயே போயிட்டு வர்றதுக்கு அந்த எடையைச் சுமக்கிறது வீண்."

"உதை ஏன் பேப்பரில எழுதேல்லை?"



என் போன் அடித்தது. ஆரணி. "அங்கிள், ஹீ இஸ் கமிங், ரைட்?" மைக்கில் கடைசி அழைப்பு. அடுத்த விமானங்களில் இடம் கிடையாது. மிருதங்கம் ஏற்கெனவே விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. வாசிக்கிறவர் மட்டும் வெளியே!

அப்போதுதான் கும்பிட்டேன். என்மேலேயே வந்த ஆத்திரம். "நான் பண்ணின தப்புக்கு அந்தப் பொண்ணைத் தண்டிக்காதீங்க, அங்கிள்."

"அப்ப, பிழை எண்டு பேப்பரில போடுவீரோ? உம்மட படத்தோட?"

"போடறேன்!"

எழுந்தார்.

ஆரணி ஆடினாள். தில்லானா முடிந்ததும் ஓடிவந்து அங்கிளின் காலில் விழுந்தாள். குகன் அழுதார். கடைசி வரிசையில் நானும்தான்.

ஆகவே — நுனி மடங்காத விமானம் கிழமல்ல. நான் எழுதியது தப்பு. படம் மேலே இருக்கிறது, அங்கிள், திருப்தியா?

ஞாயிறன்று திரும்பி வரும்போது, அவர் பக்கத்து சீட் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "பிளேனில பயப்பிடாமல் ஏறலாம், பிள்ளை. பேப்பரில எழுதுறவையைத்தான் பார்த்து நம்போணும்."