பெல்ட் நுனித் தகடு

என் கணவருக்குப் பழைய காசு பைத்தியம். சிம்பாங் பூலாயில் நாங்கள் வாங்கிய வீட்டில் தொட்டில் கட்ட இடமில்லை, காசு அலமாரிக்கு மட்டும் இடமுண்டு. போன வருடம் ஜெர்மனிக்காரர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய காசுகளோடு, நாக்கு வடிவில் ஒரு சின்ன வெண்கலத் தகடும் வந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பெல்ட்டின் நுனியில் பொருத்துவதாம். ஒன்றையொன்று கடித்தபடி பின்னிக் கிடக்கும் பாம்புகளை அதில் செதுக்கியிருந்தார்கள். மேலே இரண்டு துளை.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். எடை ஏறவே இல்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தாதி உதட்டைப் பிதுக்குவார். பாம்பு காவலாக இருக்கட்டும் என்று, தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து மகளின் அரைஞாண் கயிற்றில் தாயத்துபோலக் கோத்துவிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

மறுநாளிலிருந்து மத்தியானமானால் அவள் வாசலைப் பார்த்துச் சிரிப்பாள். கையிலிருக்கும் கிலுகிலுப்பையை, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, தன் உயரத்துக்கே நீட்டுவாள். அங்கே யாரும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, தகட்டைப் பற்றி அந்த ஜெர்மனிக்காரரிடம் விவரம் கேட்டிருந்த கணவருக்குப் பதில் வந்தது.

"அது கல்லறையில கெடச்சதாம்லா," என்றார் போனைப் பார்த்தபடி. "சின்னப் பிள்ளையாம். இடுப்புல இருந்துச்சாம்."

"அறுக்காமலா பொதைச்சாங்க?"

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? அப்படியேதான் பொதைப்பாங்க."

எங்களில் இறந்தவர் இடுப்புக் கயிற்றோடு போகக்கூடாது. பீடோர் தோட்டத்தில் என் அப்பாவைப் பாடையில் ஏற்றுமுன் அரைஞாணை அறுத்தார்கள். அறுத்தால்தான் உயிர் இங்கிருந்து விடுபடும். அந்தப் பிள்ளைக்கு யாரும் அறுக்கவில்லை. அதன் இடுப்பில் கிடந்ததை நான் என் பிள்ளைக்குக் கட்டியிருக்கிறேன்.

கத்தரிக்கோலோடு ஓடினேன். கயிற்றை வெட்டியதும் மகள் வாசலைப் பார்த்து வீறிட்டாள். அழுது அழுதே தூங்கிப்போனாள். கணவர் தகட்டைத் திருப்பி அனுப்ப உறையில் போட்டுத் தபாலுக்கு எடுத்துப் போனார்.

புதுக் கயிறு நறுக்கி மகளுக்குக் கட்டப் போனேன். நாலு விரற்கடை குறைந்தது. மறுபடி நறுக்கினேன். அதே நீளம்தான் வந்தது. இத்தனை மெலிந்த என் மகளைவிடவும் சின்ன இடுப்புக்கு என் கை அளந்துகொண்டிருந்தது.

யார் பெற்றதோ என்று நினைத்ததும் பயம் போய் அழுகை வந்தது. வாசலில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை வளையமாக முடிந்து, பிறகு அறுத்தேன். இரண்டு முனையும், ஒரு குழந்தையின் இடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல், வெதுவெதுப்பாக இருந்தன.