மூச்சு விட்ட சுவர்

ஓவியக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் டேப்புக்கு உருப்படியாக ஒரு படம் வரையத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஒரு படம் வரைந்திருந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு நாற்காலி, அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சாம்பலில் அதன் நிழல். மூன்று வருடமாக அந்த ஒன்றையே வேறு வேறு அளவில் வரைந்துகொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

டேப்பு என்பது வகுப்பில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. எங்கே போனாலும் அவள் பையில் அளக்கிற டேப்பு ஒன்று இருக்கும். ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் காலண்டர் ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் தட்டை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் அடுத்த வாயை வைப்பாள்.

இப்படிப்பட்டவளைக் கடைசி வருடத்தில் ஒரு பெரிய காட்சிக்கூடத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அங்கே ஓர் அம்மையார் இருந்தார். கியூரேட்டர். எந்தப் படத்தை மாட்டுவது, எங்கே மாட்டுவது, அதன் பக்கத்தில் எதை மாட்டக் கூடாது என்றெல்லாம் முடிவு செய்பவர். வரைந்தவர் இதில் மூக்கை நுழைக்கக் கூடாது. அம்மையார் அதிகம் பேசமாட்டார். பேசினால் நாலு பேர் குறிப்பெடுப்பார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சரியாக ஐம்பத்தேழு அங்குலத்தில் வர வேண்டும் என்றார். ஏன் ஐம்பத்தேழு என்று டேப்பு கேட்டதற்கு, "கண்" என்றார். யாருடைய கண் என்று கேட்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. படத்தின் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் நாற்பது வார்த்தை எழுதக் கற்றுக்கொண்டாள். படித்து முடிக்கும்போது படிக்கிறவருக்கு முன்பு புரிந்ததும் புரியாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் மேலாக அம்மையார் ஒருநாள் ஒரு காலிச் சுவரைக் காட்டி, "சுவர் மூச்சு விடணும்" என்றார். டேப்பு அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அத்தனை பரவசம்.

திரும்பி வந்ததும் முதல் காரியமாக ஹாஸ்டல் அறையில் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்தாள். அறை மூச்சு விட்டது. அறைத்தோழியின் துணிகள்தான் மூச்சு முட்டக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

அந்தத் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்பா கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மகள் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது, நம் தொழில்தானே என்று நினைத்து அனுப்பிவைத்தவர். இது வேறு தொழில் என்று தெரிந்தபோது ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது மகள் மேலே இரண்டு வருடம் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மறுக்கவும் இல்லை, பிடிகொடுக்கவும் இல்லை. "கண்காட்சி வைப்பீங்கல்ல, அன்னைக்கு வரேன். உன் படத்தைப் பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனில் சொல்லிவிட்டார். படம் பிடித்தால் படிப்பு. இல்லையென்றால் அவள் சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் நின்று டப்பா எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அதற்காகத் தோழி நாலு மாதம் ஒரே படத்தில் கிடந்தாள். கட்டி முடியாத ஒரு கட்டிடத்தில், மதிய வேளையில், தரையில் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கும் ஏழு பேர். ஆறடிக்கு நாலடி. ஒவ்வொருவர் உள்ளங்காலிலும் காய்ந்துபோன பெயிண்ட் வேறு வேறு நிறத்தில் இருக்கும். பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், எங்கே அந்த ஏழு பேரும் விழித்துக்கொள்வார்களோ என்று.

கல்லூரிக் கண்காட்சியை மாட்டும் பொறுப்பை ஆசிரியர் டேப்பிடம் கொடுத்தார். "பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கே, நீயே பாத்துக்கோ" என்று சாவியை நீட்டியவர் அதோடு கழன்றுகொண்டார். மொத்தம் இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு படம். மண்டபத்துச் சுவரெல்லாம் போன வருடத்து ஆணி ஓட்டைகள். வாசலுக்கு எதிரே இருந்த இருபதடிச் சுவர்தான் படுமோசம். தோழி தானாகவே முன்வந்தாள். ஓட்டைகளைப் பூசி அடைத்துப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கை வெள்ளை அடித்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

டேப்பு அந்தச் சுவர் முன்னால் நாற்காலி போட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு இருபத்திரண்டு படங்களில் எட்டைக் கிடங்கு அறைக்கு அனுப்பினாள். எட்டில் ஒன்று தூங்கும் ஏழு பேர்.

"என்னோடத எங்கடீ மாட்டப் போறே?" என்று சுத்தியலோடு வந்தாள் தோழி.

"அது இந்தத் தடவை வேண்டாம்னு நெனைக்கிறேன்."

"என்னது?"

"உன் படம் சத்தமா இருக்குடீ. பக்கத்துல எதை வச்சாலும் அதை முழுங்கிடுது. மத்தவங்களையும் பாக்கணும்ல?"

"சரி, பக்கத்துல எதையும் வைக்காதே. இந்தச் செவுத்துல தனியா மாட்டு. இருபதடி சும்மாதானே கெடக்கு?"

"சும்மா கெடக்கல. அது வேணும்னே காலியா விட்டது. சுவர் மூச்சு விடணும்."

தோழி சுவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "மூக்கு எங்க இருக்குன்னு காட்டு. நான் ரெண்டு நாளா தேச்சேன், என் கையில தட்டுப்படல."

டேப்பு பெரிய மனுஷி மாதிரி சிரித்தாள். தோழி சிரிக்கவில்லை. "எங்கப்பா வராருடீ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டேப்புக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் தனிப்பட்ட உறவுகளைப் பார்த்தால் கியூரேட்டர் வேலை செய்ய முடியாது என்று அம்மையார் சொல்லியிருந்தாரே. அதனால் டேப்பு மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அதே நடுநிலையோடு, கண்காட்சிக்கு ஒரு முன்னுரை வேண்டும் என்று யோசித்து, வாசலுக்குப் பக்கத்தில் விளக்கு நன்றாக விழும் இடத்தில் தன்னுடைய சாம்பல் நாற்காலியை மாட்டினாள். ஐம்பத்தேழு அங்குலம். மயிரிழை பிசகவில்லை.

திறப்பு விழா காலை பதினொரு மணிக்கு. சிறப்பு விருந்தினராக அம்மையாரே வந்திருந்தார். அவர் சாம்பல் நாற்காலிப் படத்தைத் தாண்டி நடந்தார். நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நிற்கவில்லை. நேராகக் காலிச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கூட்டமும் போய் நின்றது. ஆசிரியர், ஏதோ விட்டுப்போய்விட்டது என்று பயந்து, டேப்பைப் பார்த்துக் கண்ணால் அதட்டினார்.

அதே சமயம் சுவரின் மறுகோடியில் இன்னொருவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் போகாத வெள்ளை. தோழியின் அப்பா. விடிவதற்கு முன் பஸ் ஏறி வந்தவர். அவர் மற்ற படங்களையெல்லாம் மரியாதையாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒன்று வந்ததும் நின்றுவிட்டார். உள்ளங்கையால் சுவரைத் தடவினார். குனிந்து விளிம்பைப் பார்த்தார்.

"பட்டி பாத்த எடமே தெரியல. யாரு அடிச்சது?"

"நான்தாம்ப்பா" என்றாள் மகள்.

"நீயா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தரம் தடவினார். "உன் படம் எங்கம்மா?"

"இந்தத் தடவை எல்லார் படத்தையும் வைக்கலப்பா."

கையை நீட்டி டேப்பைக் காட்டியிருக்கலாம். ஐந்து அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். தோழி காட்டவில்லை.

அவர் திரும்பவும் சுவரைப் பார்த்தார். "அப்ப மூணு வருஷமா இதுதானா? வீட்ல இருந்திருந்தா மூணு மாசத்துல நானே கத்துக் குடுத்திருப்பேனே" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அதுதான் கொடுமை. "சரி, சாமானை எடுத்துட்டு வா. மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

டேப்பின் ஒரு காதில் இது விழுந்தது. இன்னொரு காதில் அம்மையார், "இந்த ஒரு சுவர் போதும். இதை விடறதுக்குத் துணிச்சல் வேணும். படிப்பு முடிஞ்சதும் எங்ககிட்ட வந்து சேந்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை மாதம் ஏங்கிய வார்த்தை. கேட்டதும் சந்தோஷத்துக்குப் பதில் வெட்கம் பிடுங்கித் தின்றது. துணிச்சலாம். நாலு மாதம் கண்விழித்தவளின் படத்தைக் கிடங்கில் போட்டுப் பூட்டுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? கையில் சாவி இருந்தால் போதாதா?

சிறப்பு விருந்தினர் பேச்சை முடிக்குமுன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிய முதல் கியூரேட்டர் டேப்பாகத்தான் இருப்பாள். கிடங்கைத் திறந்து ஆறடிப் படத்தைத் தனியாகவே இழுத்து, நிலைப்படியில் ஒரு முனையும் தன் முழங்காலில் மறு முனையும் இடிக்க, அதை வெளியே கொண்டுவந்தாள். அதற்குள் அப்பாவும் மகளும் ஹாஸ்டல் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டிருந்தார்கள். படத்தை அங்கே காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவைத்தாள். தரையோடு தரையாக. எத்தனை அங்குலம் என்று பார்க்கவில்லை.

"இது அவளோடது அங்கிள்" என்றாள், மூச்சிரைக்க.

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவது ஆளிடம் வந்ததும் திரும்பி மகளைப் பார்த்தார்.

"இது நான்தானே?"

"ஆமாப்பா."

"வாயைத் திறந்துக்கிட்டா தூங்குவேன்?"

"எப்பவும்."

அவர் படத்துக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார். விரலை நீட்டிவிட்டு, தொடாமல் மடக்கிக்கொண்டார். பிறகு டேப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஏம்மா உள்ள இல்ல?"

நாற்பது வார்த்தையில் புரியாதபடி எழுதப் பழகியவளுக்கு அன்றைக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது.

"இடம் இல்ல."

அவர் மண்டபத்துப் பக்கம் பார்த்தார். கதவு விரியத் திறந்திருந்தது. எதிரே வெள்ளைவெளேரென்று தெரிந்தது.

"இருபதடி செவுரும்மா அது. இப்பதான் தடவிப் பாத்துட்டு வரேன்."

டேப்பு தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் அங்கிள் வேண்டாம்னு ஒதுக்கினேன். படத்து மேல தப்பில்ல. தப்பு என்னோடது."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, படத்தை ஒரு பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். தூக்கிப் பழகிய கை, கொஞ்சமும் சாயவில்லை.

"பெட்டியைக் கொண்டுபோய் ரூம்ல வை" என்றார் மகளிடம். "இன்னும் ரெண்டு வருஷந்தானே, படி. ஆனா ஒண்ணு, இனிமே உன் படத்துக்கு ஆணியை மட்டும் நீயே அடிச்சுக்கோ."

பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. ஒன்றைப் பிடித்துக்கொள்ள டேப்பு கையை நீட்டினாள். தோழி பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தனியாகவே தூக்கிப் போனாள்.